பழைய ஹார்ட் டிஸ்க் காந்தத்தை உடைக்காமல் எடுப்பது எப்படி

களியக்காவிளையில் மோட்டார் காயில் கட்டுகிறேன். பழைய ஹார்ட் டிஸ்க் கையில் கிடைத்தால் ஆக்ரிக்கு (பழைய சாமான் கடைக்கு) போடுமுன் உள்ளே இருக்கும் காந்தத்தை எடுத்து வைத்துக்கொள்வேன்.

மூடியில் நட்சத்திர ஸ்க்ரூ இருக்கும். லேபிளுக்கு அடியிலும் ஒன்று ஒளிந்திருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். டிஸ்க்கைப் படிக்கும் கை ஆடுகிற மூலையில், இரும்புத் தகட்டில் ஒட்டிய வெள்ளி நிறத் துண்டுதான் நமக்கு வேண்டியது. ஸ்பீக்கரில் வரும் கறுப்பு ஃபெரைட் காந்தம் வேறு, இது வேறு.

இது நியோடிமியம் என்ற உலோகம் 2, இரும்பு 14, போரான் 1 என்ற கணக்கில் அணுக்கள் வரிசையாக அடுக்கிய சேர்மம். பித்தளையில் செம்பையும் துத்தநாகத்தையும் கூட்டிக் குறைக்கலாம், இங்கே அது நடக்காது. அந்த அடுக்குதான் காந்த திசையை விடாமல் பிடித்து வைக்கிறது. (நியோடிமியம் நம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்திலும் உண்டு.)

ஆனால் அடுக்கு கெட்டியானதால் பீங்கான் மாதிரி உடையும். துளை போடாதீர்கள், ராவாதீர்கள், தூள் தீப்பிடிக்கும். நிக்கல் பூச்சு போனால் நம் கடல்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து உதிரும்.

பசை இளகட்டும் என்று ஒரு தடவை ஹாட் கன் காட்டினேன். காந்தம் கழன்றது, பிடிப்பு பாதிகூட இல்லை. சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் தாங்காது. டிஸ்ப்ரோசியம் என்ற உலோகம் சேர்த்த ரகம் கூடுதலாகத் தாங்கும். 250 டிகிரி சூட்டுக்கு சமாரியம் கோபால்ட் காந்தம்தான், அது விலை கூடியது.

என் கேள்வி, தகட்டிலிருந்து ஏன் பிரிக்க வேண்டும்? தகட்டோடு இருந்தால் பிடிப்பு ஒரே பக்கம் குவியும், உடையவும் உடையாது, கயிறு கட்ட ஸ்க்ரூ ஓட்டையும் தயார். பிரித்தே ஆகவேண்டும் என்றால் தகட்டை இரண்டு குறடால் பிடித்து லேசாக வளையுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. பிள்ளைகள் கையில் மட்டும் படக்கூடாது. இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று கவ்வி ஓட்டை போட்டுவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் தள்ளியே இருக்கட்டும்.

மோட்டார் இறக்கும்போது கிணற்றில் ஸ்பேனர் விழுந்தால் இப்போது பாதாளக்கரண்டி தேடுவதில்லை, இந்தக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்குகிறேன். ஒரே தொல்லை, காந்தம் போகிற வழியில் இரும்புப் பைப்பைக் கவ்விக்கொள்ளும். அதனால் ஒரு சாண் பிவிசி குழாயின் அடிவாயில் காந்தத்தை வைத்துக் கட்டி இறக்குங்கள், பக்கவாட்டில் ஒட்டினாலும் சுலபமாக விட்டுவிடும்.