நாலு ரப்பர் கொட்டையும் ஓஎல்இடி திரையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் (கார்பன் சேர்மப்) படலம் கொண்ட ஓஎல்இடி திரையின் விலையைச் சொன்னால் தோட்டத்துப் பையன்கள், "அதுல அப்படி என்னண்ணே இருக்கு?" என்பார்கள். செய்தே பார்த்துவிடலாம். நாலு ரப்பர் கொட்டை, கொஞ்சம் மஞ்சள்தூள், தேங்காய் எண்ணெய், பணத்தாள் சோதிக்கும் புற ஊதா டார்ச், இருட்டில் மினுங்கும் ஸ்டிக்கர், நகைக்கடையில் கல் பார்க்கும் பூதக்கண்ணாடி வேண்டும்.

படி 1: அறையை இருட்டாக்கி, தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சள்மீது டார்ச் அடியுங்கள். கண்ணில் பட வேண்டாம். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். டார்ச்சை அணைத்ததும் அதுவும் அணையும். இது உடனொளிர்தல். ஸ்டிக்கர் பிறகும் மினுங்கிக்கொண்டே இருக்கும். இது நின்றொளிர்தல். ஸ்டிக்கரின் உள்வேலை திரையினுடையது அல்ல. தாமதமாக வரும் ஒளியைக் காட்டத்தான் அதை எடுத்தேன்.

படி 2: இதில்தான் விஷயமே இருக்கிறது, அவசரப்படாதீர்கள். திரையின் மெல்லிய கரிமப் படலத்துக்குள் ஒரு பக்கமிருந்து எலக்ட்ரானும் மறுபக்கமிருந்து எலக்ட்ரான் இல்லாத காலியிடமும் (ஹோல்) வந்து சேரும்போது மூலக்கூறு கூடுதல் ஆற்றல் பெற்றுக் கிளர்ச்சி அடைகிறது. ஒரு கொட்டை, அப்படி ஒரு கிளர்ச்சி. எலக்ட்ரானின் சுழற்சியை (ஸ்பின்) பொறுத்து இது இரண்டு வகை: சராசரியாக நாலில் ஒன்று சிங்லெட், மூன்று டிரிப்லெட். கொட்டைகளை அப்படியே பிரித்து வையுங்கள். சாதாரண உடனொளிரும் பொருளில் சிங்லெட் மட்டுமே ஒளி தரும். அந்த மூன்று கொட்டைகளையும் தூக்கித் தள்ளி வையுங்கள். அவ்வளவும் பெரும்பாலும் சூடாகிப் போகும் மின்சாரம். முதன்முதலில் இது புரிந்தபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

படி 3: இப்போது அந்த மூன்றையும் திரும்ப எடுங்கள். 1998இல் பிரின்ஸ்டனின் ஸ்டீபன் ஃபாரெஸ்ட், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்க் தாம்சன் குழுவினர் பிளாட்டினம் கலந்த சிவப்புச் சாயத்தால் இதைச் சாதித்துக் காட்டினார்கள். அப்புறம் இரிடியம் என்ற உலோகம் வந்தது. இத்தகைய கனமான அணுவின் அருகே எலக்ட்ரானின் சுழற்சியும் ஓட்டமும் பின்னிக்கொள்கின்றன. அதனால் அடைபட்டிருந்த டிரிப்லெட்டும் ஒளி தருகிறது. திரையில் நடக்கும் நின்றொளிர்தல் இதுதான். சிங்லெட்டும் டிரிப்லெட்டாக மாறி அதே வழியில் வருகிறது. நாலு கொட்டைக்கும் நாலு ஒளி! ஸ்டிக்கர்போல நேரமெடுக்காமல் மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடுவதால் படம் இழுபடாது. அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்சாரம், குறைந்த சூடு.

படி 4: ஓஎல்இடி கைப்பேசியில் வெள்ளைப் படத்தைத் திறந்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல திரைகளில் நீலப் புள்ளிதான் பெரிதாக இருக்கும். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். நின்றொளிரும் நீல மூலக்கூறுகள் சீக்கிரம் சிதைந்துவிடுகின்றன. ஆகவே சிவப்பும் பச்சையும் இரிடியத்துக்கு மாறிய பிறகும் பெரும்பாலான கைப்பேசிகளில் நீலம் பழைய உடனொளிர்தலிலேயே ஓடுகிறது. அதன் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கத்தான் அந்தப் பெரிய புள்ளி.