வீட்டிலுள்ள பெரிய திரைப்படத் தொகுப்புக்குக் காப்பு நகல் எடுக்கும் முறை

வீட்டில் சேர்ந்துவிட்ட திரைப்படக் கோப்புகள் சில டெராபைட்டுகளைத் தாண்டியதும், அவற்றுக்குக் காப்பு நகல் எடுக்கும் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் ஏதோவொரு இணையச் சேமிப்பில் ஏற்றிவிட்டுக் கவலையின்றி இருக்கலாம். 8 டெராபைட் படங்களை அப்படி ஏற்றுவதற்கு நேரமும் பணமும் எல்லோருக்கும் அமைவதில்லை. எனவே ஹார்ட் டிஸ்க் வாங்கக் கடைக்குப் போகுமுன் தொகுப்பைப் பிரித்துப் பார்த்து, எதை இழந்தால் மீண்டும் பெறவே முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி, சொந்தமாக வாங்கிய வட்டுகளிலிருந்தும் குடும்பக் காணொளிகளிலிருந்தும் முறைப்படி சேர்ந்த கோப்புகளைப் பற்றியது.

தொகுப்பைப் பிரித்தல்

மூன்று கோப்புறைகள் போதும். முதலாவதில் வேறு எங்குமே இல்லாதவற்றை வைக்க வேண்டும்: திருமண விஎச்எஸ் நாடாக்களிலிருந்தும் பழைய கேம்கார்டர் கேசட்டுகளிலிருந்தும் கணினிக்கு மாற்றிய காணொளிகள் இவ்வகை. டிஜிட்டல் கேம்கார்டர் கேசட்டைத் தரம் குறையாமல் மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும் என்பதால், குடும்ப நிகழ்ச்சிகள் மட்டுமே சில நூறு ஜிபிக்கு வந்துவிடும்.

இரண்டாவது கோப்புறைதான் தமிழ்ப் படம் சேர்ப்பவர்களுக்கு முக்கியமானது. 2007-ஆம் ஆண்டில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள் முதற்கொண்டு நூற்றுக்கணக்கானவை வீடுகளுக்குள் வந்தன. அந்நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவாயிற்று. வட்டு விற்ற கடைகளும் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆகவே அப்படி வாங்கிய படம் இன்று எந்த ஓடிடி தளத்திலும் இல்லையென்றால், உங்கள் அலமாரியில் இருக்கும் வட்டும் அதிலிருந்து எடுத்த கோப்புமே உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை. இரண்டரை மணி நேரப் படம் விசிடியில் ஏறத்தாழ 1.5 ஜிபிதான், டிவிடியானால் அதிகபட்சம் 8.5 ஜிபி. இவ்வளவு சிறியவற்றை மூன்று இடங்களில் வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

மூன்றாவதில் இன்றும் கடையில் கிடைக்கும் புளூ-ரே வட்டுகளிலிருந்து எடுத்தவை சேரும். ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 25 ஜிபி, இரட்டை அடுக்கு வட்டினுடையது 50 ஜிபி என்பதால் தொகுப்பின் பெரும்பகுதி இடத்தை இவையே பிடித்துக்கொள்ளும். ஆனால் மூல வட்டு அலமாரியில் நல்ல நிலையில் இருக்கும்வரை அதுவே ஒரு காப்பு நகல்தான். இழப்பு நேர்ந்தால் மீண்டும் எடுக்கும் உழைப்பு மட்டுமே செலவு. கையில் பணம் குறைவாக இருந்தால் இந்த மூன்றாவது கோப்புறைக்கு ஒரே ஒரு நகலோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

டிவிடியைக் கோப்புறையாகவே நகலெடுத்து வைத்திருப்பவர்கள், அதிலுள்ள சிறிய கோப்புகளை வேண்டாதவை என்று நீக்கிவிடக் கூடாது. படம் 1 ஜிபி அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். அத்துண்டுகளின் வரிசையையும் பாடல் பட்டியலையும் ஒலித்தடங்களையும் சொல்பவை அந்தச் சிறிய கோப்புகளே. முழு வட்டையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றி வைத்தால் இந்தத் தொல்லை இருக்காது.

கோப்புப் பெயர்கள்

நகலெடுக்கத் தொடங்குமுன் பெயர்களை ஒழுங்குபடுத்த வேண்டும். தமிழில் பெயரிடுபவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். யூனிகோடில் ‘பொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களை இரண்டாவது வடிவத்துக்கு மாற்றியே சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கின்றன. அதன் விளைவாக, மேக்கில் பயன்படுத்திய வட்டையும் லினக்ஸில் இயங்கும் வீட்டுச் சேமிப்பகத்தையும் ஒப்பிடும்போது ஒரே படம் ஒரே பெயரில் இரண்டு முறை நிற்பதையும், நகலெடுக்கும் மென்பொருள் ஏற்கெனவே உள்ள படத்தை மறுபடி முதலிலிருந்து எழுதுவதையும் காணலாம்.

இன்னொரு சிக்கல் நீளம். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது; யூனிகோடுத் தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், 85 குறியீடுகளிலேயே எல்லை வந்துவிடும். உயிர்மெய் எழுத்துகள் பலவற்றுக்கு இரண்டு குறியீடுகள் ஆகும். விண்டோஸின் எல்லை பைட்டுக் கணக்கில் வராததால், படப்பெயர், இயக்குநர், நடிகர் எனப் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதிவைத்த கோப்பு அங்கே சிக்கலின்றி இருந்துவிட்டு, வீட்டுச் சேமிப்பகத்துக்கு மாற்றும்போது மட்டும் மறுக்கப்படுகிறது. ஆங்கில எழுத்துகளில் படப்பெயரும் வெளிவந்த ஆண்டும் மட்டும் கொண்ட கோப்புப் பெயர்களையே நான் பரிந்துரைக்கிறேன். தமிழ்ப் பெயரும் மற்ற விவரங்களும் தனியாக ஒரு பட்டியலில் இருக்கட்டும். தமிழ்மீது பற்றுள்ளவர்களுக்கு இது உவப்பாக இராது என்றாலும், மூன்று இயங்குதளங்களுக்கிடையே பல ஆண்டுகள் பயணப்பட வேண்டிய கோப்புகளுக்கு அதுவே பாதுகாப்பு.

எந்த ஹார்ட் டிஸ்க், எந்த வடிவமைப்பு

பல டெராபைட்டுகளுக்குச் சாதாரணச் சுழல் ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் பொருத்தமானது. எஸ்எஸ்டி வேகமானது என்றாலும் விலை பன்மடங்கு. மேலும் மின்சாரமே காட்டாமல் நீண்ட காலம் பெட்டியில் போட்டுவைத்தால் அதிலுள்ள தரவு கரையக்கூடும். பென் டிரைவைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

5 டெராபைட் (டிபி) வரை என்றால், யுஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இரண்டரை அங்குல டிஸ்க் போதும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் தனி அடாப்டருடன் வரும் மூன்றரை அங்குல டிஸ்க் தேவைப்படும். பெரிய கொள்ளளவுள்ள இரண்டரை அங்குல டிஸ்குகள் பெரும்பாலும் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி எழுதும் எஸ்எம்ஆர் வகையைச் சேர்ந்தவை. ஏற்கெனவே எழுதியதை மாற்றி எழுதும்போது அவை மிகவும் மந்தமாகிவிடும். ஒருமுறை எழுதி எடுத்துவைக்கும் காப்பு நகலுக்கு அது பெரிய குறையல்ல, ஆனால் பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு அமைப்பில் அவற்றைப் போடக் கூடாது.

வாங்கிவந்த 8 டிபி டிஸ்கை இணைத்ததும் விண்டோஸ் 7.27 டிபி என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. தொகுப்பு இன்று எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்காவது கொள்ளளவு இருப்பது நல்லது.

வடிவமைப்பு என்பது டிஸ்கில் கோப்புகள் அடுக்கப்படும் முறை. விண்டோஸ் மட்டும் பயன்படுத்தும் வீட்டில் என்டிஎஃப்எஸ் வடிவமைப்பையே வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்ஃபேட் எல்லாக் கணினிகளிலும் திறக்கும் என்றாலும், மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு அதில் இல்லாததால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புறை அமைப்பே சிதைய வாய்ப்பு அதிகம். மூன்றரை அங்குல டிஸ்கின் அடாப்டரும் கணினியும் யுபிஎஸ் வழியாக ஓடினால் இந்தக் கவலை குறையும். ஃபேட்32-ஐத் தவிர்க்க வேண்டும். 4 ஜிபி அளவை எட்டும் எந்தக் கோப்பையும் அது ஏற்காது.

நகலெடுத்தல்

8 டிபி என்பது 80 லட்சம் எம்பி. நொடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தால் ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். கம்பியோ துளையோ பழைய யுஎஸ்பி 2.0 வகையாக இருந்துவிட்டால் வேகம் 35 எம்பி அளவுக்கு விழுந்து, அதே வேலை 60 மணி நேரத்தைத் தாண்டும். தொடங்கிய சில நிமிடங்களில் வேகத்தைப் பார்த்துவிட்டுத் தேவையானால் கம்பியை மாற்றுங்கள்.

இவ்வளவு பெரிய வேலையைச் சுட்டியால் இழுத்துப் போட்டுச் செய்யக் கூடாது. பாதியில் நின்றால் எது போயிற்று, எது போகவில்லை என்று தெரியாது. ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. இடப்பக்கம் தொகுப்பையும் வலப்பக்கம் காப்பு டிஸ்கையும் கொடுத்து ‘கம்பேர்’ பொத்தானை அழுத்தினால், எத்தனை கோப்புகள் புதிதாக எழுதப்படும், எத்தனை மாற்றப்படும், எத்தனை நீக்கப்படும் என்பதை அது முதலில் காட்டிவிட்டுக் காத்திருக்கும். நீக்கப்படுபவற்றின் எண்ணிக்கையைப் பார்க்காமல் அடுத்த பொத்தானை அழுத்தவே கூடாது. ‘மிரர்’ முறையில், மூலத்தில் தவறுதலாக அழிந்த படம் காப்பிலிருந்தும் அழியும். ‘அப்டேட்’ முறை புதியவற்றைச் சேர்க்குமே தவிர எதையும் நீக்காது. படங்கள் அரிதாகவே மாறும் என்பதால் அதுவே போதும். லினக்ஸ் பழகியவர்கள் ஆர்சிங்க் கட்டளையில் முதலில் ஒத்திகை ஓட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதே வேலையைச் செய்யலாம்.

நகல் சரியா என்று பார்த்தல்

பலரும் தவிர்க்கும் கட்டம் இது. எழுதி முடித்ததும் டிஸ்கைக் கழற்றி மறுபடி இணைத்து, ஃப்ரீஃபைல்சிங்கில் ஒப்பிடும் முறையைக் ‘கோப்பின் உள்ளடக்கம்’ என்று மாற்றி மீண்டும் ஒருமுறை ஓட்ட வேண்டும். இரு பக்கமும் ஒவ்வொரு பைட்டாகப் படிக்கப்படுவதால், எழுதிய நேரத்துக்குக் குறையாத நேரம் இதற்கும் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஆனால் இந்த ஒப்பீடு இன்றைக்கு மட்டுமே உதவும். நான்கு ஆண்டுகள் கழித்து மூலமும் நகலும் வேறுபட்டால், கெட்டது எது என்று ஒப்பீடு சொல்லாது. அதற்காகத்தான் செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண். 7-ஜிப், டெராகாப்பி போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிடலாம். 64 இலக்கமுள்ள அந்த எண், கோப்பில் ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். தொகுப்பு நல்ல நிலையில் இருக்கும்போதே இவற்றைக் கணக்கிட்டு ஓர் எளிய உரைக்கோப்பாகச் சேமித்து, ஒவ்வொரு டிஸ்கிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொண்டால், பின்னாளில் எந்த நகலை நம்பலாம் என்று தெரிந்துவிடும். எந்த டிஸ்கில் என்னென்ன படங்கள் இருந்தன என்பதற்கும் அதே கோப்புதான் பட்டியல்.

முதல் கோப்புறைக்கு இன்னும் ஒரு படி மேலே போய், பார்2 கோப்புகளையும் உருவாக்கலாம். மூலத்தின் அளவில் பத்தில் ஒரு பங்கு இடத்தை ஒதுக்கினால், சிறிது சிதைந்த கோப்பை அவற்றைக்கொண்டே பழையபடி சீராக்க முடியும்.

டிஸ்கின் உடல்நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். அதில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்று வரிகளைப் பாருங்கள். மென்பொருள் இவற்றைப் பதினாறடிமான முறையில் 05, சி5, சி6 என்றும் காட்டக்கூடும். மூன்றிலும் ‘ரா வேல்யூஸ்’ பத்தியிலுள்ள மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 199-ஆம் வரி மட்டும் உயர்ந்தால் பெரும்பாலும் கம்பியில்தான் கோளாறு.

எங்கே வைப்பது

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 விதி, மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்கிறது. பெரிய தொகுப்புக்கு இரண்டாவது நிபந்தனையைத் தளர்த்தலாம், மூன்றாவதைத் தளர்த்தக் கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் தரைத்தளத்துக்குள் புகுந்த வீடுகளில், கணினியும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்த காப்பு டிஸ்கும் சேர்ந்தே நனைந்திருக்கும். இரண்டு டிஸ்குகளை ரெய்டு முறையில் ஒன்றுக்கொன்று பிம்பமாக அமைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: ரெய்டு ஒரு டிஸ்க் பழுதானால் மட்டுமே காப்பாற்றும். தவறுதலாக அழித்தாலோ, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தாலோ, மின்னல் தாக்கினாலோ இரண்டும் ஒன்றாகவே போகும்.

இணையச் சேமிப்பு சிறிய பகுதிக்கே பொருந்தும். நொடிக்கு 100 மெகாபிட் ஏற்ற வேகம் முழுதாகக் கிடைத்தாலும் 8 டிபியை ஏற்ற இடைவிடாமல் 7 நாளுக்கு மேல் ஆகும். பல வீட்டு இணைப்புகளில் மாதத்துக்கு 3300 ஜிபி என்ற வரம்பும் உண்டு. முதல் கோப்புறையின் 300 ஜிபியோ ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மற்றவற்றுக்கு இரண்டு காப்பு டிஸ்குகளை வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்து, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ போகும்போது மாற்றிக்கொண்டு வருவதே எளிது. கொண்டுபோகும் டிஸ்கை வாங்கியபோது வந்த உறையிலேயே போட்டு, துணிகளுக்கு நடுவே வைத்துக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். பேருந்தின் அடியிலுள்ள சரக்கறையில் போட வேண்டாம். கடலோர ஊர்களில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பது நல்லது. குடும்பக் காணொளிகள் பிறர் பார்வைக்குப் போகக் கூடாது என்றால் வெராகிரிப்ட் என்ற மென்பொருளைக் கொண்டு கடவுச்சொல்லிட்டுப் பூட்டலாம். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள், டிஸ்கோடு அல்ல.

ஊரிலிருந்து திரும்பிவந்த டிஸ்கை முதலில் செக்சம் பட்டியலோடு ஒப்பிட்டு, பிறகு புதிய படங்களைச் சேர்த்து, அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அன்றைய தேதியை எழுதுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்த டிஸ்கை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. புதியது வாங்கியபின் அதை மூன்றாவது கோப்புறைக்கு ஒதுக்கிவிடலாம்.