தாழை: நமக்குத் தெரிந்த மரம்தானே என்று ஏமாறும் இடங்கள்

ஹவாய்க்குப் போகிறவர்களில் பலர் முதல் நாளே கேட்கும் கேள்வி, "அன்னாசி மரத்திலா காய்க்கிறது?" அன்னாசி தரையோடு நிற்கும் செடியில் காய்ப்பது. கடற்கரையில் தலைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் தொங்குவது தாழம்பழம். அந்த மரத்தை அங்கே ஹலா என்கிறார்கள். நம் கடலோரத் தாழைக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். நாம் பூவைத் தலையில் வைத்ததோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டோம். பசிபிக் தீவுக்காரர்கள் அதே மரத்தில் படுத்தார்கள், உண்டார்கள், கடல் கடந்தார்கள். படுக்கிற பாயும் படகின் பாயும் நமக்கு ஒரே சொல். அவர்களுக்கு இரண்டும் ஒரே ஓலை.

பூவிலிருந்தே குழப்பம் தொடங்கிவிடும். தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கமகமக்கும் வெள்ளை மடல் ஆண் மரத்தினுடையது. பழம் பெண் மரத்தில்தான். வாசனைக்கு ஆசைப்பட்டு விதை போட்டு, வருடக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் பழத்தைப் பார்த்து விழிக்க வேண்டாம். பூத்த மரத்தின் கிளையை வெட்டி நடுங்கள். மார்ஷல் தீவுகளிலும் கிரிபாட்டியிலும் நல்ல பழ ரகங்களைக் கிளை நட்டுத்தான் பெருக்குகிறார்கள். விதையில் வருவது தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்புறம், இலங்கைச் சமையலில் போடும் ரம்பை. அதுவும் தாழைக் குடும்பம்தான், ஆனால் வேறு இனம். கடற்கரைத் தாழையின் ஓலையைக் கிள்ளிக் குழம்பில் போட்டால் அந்த வாசம் வராது. முள்தான் வாயில் குத்தும்.

பெரிய தப்பு ஓலையில் நடக்கிறது. பாய் முடையலாம் என்று பச்சை மட்டையைச் சரசரவென்று வெட்டுகிறவர்கள் உண்டு. ஹவாயில் பொதுவாக மரத்திலேயே காய்ந்து உதிர்ந்த பழுப்பு ஓலையைத்தான் பொறுக்குகிறார்கள். எடுத்ததும் முடையவும் முடியாது. அடியையும் நுனியையும் நறுக்கி, இரு ஓரத்திலும் நடு நரம்பின் அடியிலும் ஓடும் முள் வரிசையைக் கிழித்து எடுக்க வேண்டும். மூன்று வரிசையில் ஒன்றை மறந்தாலும் விரல் சொல்லிவிடும். ஈரத்துணியால் உப்பையும் தூசியையும் துடைத்து, கையில் இழுத்து இழுத்து நெகிழ வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சக்கரம் போல உருட்டி வைப்பார்கள். முடையும்போதுதான் பிரித்து, ஒரே அகலத்தில் நாராகக் கிழிப்பது. இந்த முன்வேலையைப் பார்த்தபின் பாயின் விலையைப் பேரம் பேச மனசு வராது.

ஆனால் இதையே எல்லாத் தீவுக்கும் விதியாக்கினால் அதுவும் தப்பு. டோங்காவில் பச்சை ஓலையை வெட்டி, வேகவைத்து, கட்டுக்கட்டாகக் கடலில் ஊறப்போட்டு, வெயிலில் வெளுக்க வைக்கிறார்கள். அதில் முடைந்த தஓவாலா என்ற பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் தேவாலயத்துக்குப் போவார்கள். துக்க வீட்டில் ஒருவர் கிழிந்து நைந்த பாயைக் கட்டியிருந்தால் ஏழை என்று முடிவு கட்டாதீர்கள். இறந்தவருக்கு அவர் என்ன முறை என்பதை அந்தப் பாய்தான் காட்டுகிறது.

பழம் உண்ணலாமா? எந்தத் தீவு என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். ஹவாயில் அது பெரிய உணவாக இருந்ததில்லை. காய்ந்த சுளையின் நார் நுனியைத் தூரிகையாக்கி மரப்பட்டைத் துணியில் கோலம் வரைந்தார்கள். மண் வளமில்லாத பவளத் தீவுகளில் கதையே வேறு. பலாச்சுளை போலப் பிய்த்து, உள்நுனியைக் கடித்துச் சாறு உறிஞ்சுவார்கள். பல்லிடுக்கில் நார் மாட்டுவது நிச்சயம். வேகவைத்து மசித்த விழுதை வெயிலில் உலர்த்தி, ஓலையில் இறுக்கிக் கட்டினால் மாதக்கணக்கில் கெடாது. நெடும்பயணத்துக்குக் கட்டுச்சோறு அதுதான். சதை எவ்வளவு ஆரஞ்சோ அவ்வளவு வைட்டமின் ஏ சத்து. சில ரகங்களைப் பச்சையாகத் தின்றால் வாய் அரிக்கும், அவற்றை வேகவைத்தே தீர வேண்டும்.

அடிமரத்தைச் சுற்றி இறங்கும் விழுதுகளை அசிங்கம் என்று வெட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மணலில் மரத்தைத் தாங்கும் தூண்களே அவைதான்.

ஹவாயின் ஹலாவைப் பாலினீசிய மாலுமிகள்தான் கொண்டுவந்தார்கள் என்று முன்பு நம்பினார்கள். 1993இல் காவாய் தீவில், 12 லட்சம் ஆண்டுப் பழைய எரிமலைப் பாறையில் தாழம்பழத்தின் அச்சு கிடைத்தது. மனிதர் வருமுன்பே மரம் வந்துவிட்டது. இன்று அதற்குத் தொல்லை ஒரு செதில் பூச்சி, ஓலையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. 1995இல் மாவி தீவின் ஹானாவில் முதலில் தென்பட்டது. அதனால் ஒரு தீவின் பச்சை ஓலையையோ கன்றையோ இன்னொரு தீவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக, மாலை விஷயம். தாழஞ்சுளையைக் கோத்த மாலை பார்க்க அழகுதான். ஆனால் ஹவாய் மொழியில் ஹலா என்றால் பிழை, கடந்து போனது என்றும் பொருள். பழைய ஆண்டை வழியனுப்ப அதைப் போடுவார்கள். புதுத் தொழில் தொடங்குகிறவர் கழுத்தில் போட்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பொய்சாட்சி சொன்னதற்காகச் சிவபூஜையிலிருந்து தாழம்பூவை விலக்கிவைத்த நமக்கு இது புரியாமல் போகாது.