ஸ்விஃப்ட் காரின் பின்பக்கத்தை 28 மி.மீ. இறக்கிய கதை: ஸ்பிரிங் சுலபம், பிரேக் வால்வில் கவனம்

என் 2009 மாடல் ஸ்விஃப்ட்டுக்கு முன்பக்கம் மட்டும், வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்டு ஒரு வருஷம் ஓட்டினேன். பின்பக்கம் பழைய உயரத்திலேயே தூக்கிக்கொண்டு நின்றது. சக்கரத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் நான்கு விரல் தாராளமாகப் போகும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் இறக்கினேன். ஸ்பிரிங் மாற்ற மூன்று மணி நேரம்தான் ஆனது. ஆனால் அன்று நான் தொடாமல் விட்ட ஒரு சின்ன வால்வு, ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வண்டியைச் சுவரில் சாத்தப் பார்த்தது. இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே அந்த வால்வுதான். ஆகவே அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஜாக்கி போடவும் சக்கரம் கழற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு இறக்கலாம்?

25 முதல் 30 மி.மீ. போதும் என்பது என் முடிவு. 50 மி.மீ. இறக்கினால் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் நம் ஊர் வேகத்தடைகளில் ஐந்து பேரோடு ஏறும்போது வயிறு தட்டும். இன்னொரு விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கை வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். திரும்ப மாட்டவேண்டிய நாள் வரலாம்.

ஸ்பிரிங்கை வெட்டுவதா, புதிதாக வாங்குவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாங்குங்கள். வெட்டினால் இரண்டு கோளாறு வரும். ஒன்று, முனை வளையம் கீழே இருக்கும் ரப்பர் இருக்கையின் பள்ளத்தில் சரியாக உட்காராது. இரண்டு, ஸ்பிரிங் விறைத்துப்போகும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் அரைச் சுற்றை எடுத்தால், விறைப்பு சுமார் 9 சதவீதம் கூடும். பழைய ஷாக் அப்சார்பர் அதற்கு ஈடுகொடுக்கத் திணறும். அதையும் மீறி வெட்டுவதென்றால் கட்டிங் வீல் போட்டு, கால் சுற்றுக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். கேஸ் கட்டர் மட்டும் கூடவே கூடாது. அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். கொஞ்ச நாளில் ஸ்பிரிங் தானாகவே உட்கார்ந்துவிடும், அல்லது முறியும்.

கழற்றும் முன் அளவெடுங்கள்

சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றைப் பொறுத்து அளவு மாறும். தரை மட்டமாக இருக்கவேண்டும். எங்கள் வீடு சேலம் கோரிமேட்டுச் சரிவில் இருப்பதால் அங்கே இது ஆகாது. கொண்டலாம்பட்டியில் நண்பரின் ஷெட்டில் நல்ல கான்கிரீட் தரை கிடைத்தது.

அதே நேரத்தில் வண்டிக்கடியில் படுத்து, பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய இழுவை ஸ்பிரிங் ஒரு சின்ன நெம்புகோலோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டேங்க் நிறைய பெட்ரோல், டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி மட்டும் வைத்து, வேறு சுமை இல்லாமல் நிறுத்துங்கள். நெம்புகோலை விரலால் அதன் எல்லை வரை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்த மெல்லிய ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யவில்லை. அதனால் வந்த வினையைக் கீழே சொல்கிறேன்.

ஸ்பிரிங் மாற்றுவது

முன்சக்கரங்களுக்கு மரக்கட்டை அண்டை கொடுங்கள். கியரில் போட்டுவிடுங்கள், பின்பக்கம் தூக்கிய வண்டிக்கு ஹேண்ட்பிரேக் உதவாது. பின்பக்கத்தைத் தூக்கி, பாடியில் ஜாக்கி வைக்கும் இடங்களில் இரண்டு இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை வைக்கவே வைக்காதீர்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

சக்கரம் இரண்டையும் கழற்றியபின், பின் அச்சின் நடுவில் ஜாக்கியை முட்டுக் கொடுத்து, இரண்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் எடுங்கள். துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே டபிள்யூடி-40 அடித்து வையுங்கள். அடிக்கடி செய்கிறவர்கள் இம்பாக்ட் கன் வாங்குவார்கள். எனக்கு அரை இஞ்ச் சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும்தான் பிடித்தம். போல்ட் எங்கே இறுகுகிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்பது கையில் தெரியும்.

ஜாக்கியை மெல்ல இறக்கினால் அச்சு தொங்கும், ஸ்பிரிங் தளரும். ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. அதனால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்பிரஸர் கருவி இல்லாமலேயே ஸ்பிரிங் கைக்கு வந்துவிடும். ஒரு கண் பிரேக் ஹோஸ் மேல் இருக்கட்டும். அது இழுபடத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

புது ஸ்பிரிங்கை வைக்கும்போது அதன் முனை ரப்பர் இருக்கையின் படியில் முட்டும்வரை திருப்புங்கள். அச்சைத் தூக்கி ஷாக் போல்ட்டை மாட்டுங்கள், இறுக்காதீர்கள். அச்சைப் பாடியோடு பிடித்திருக்கும், முன்பக்கத்து ரப்பர் புஷ்ஷின் போல்ட்டையும் ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் நின்று, பின்பக்கத்தை நான்கைந்து முறை அமுக்கி விட்டபிறகே எல்லாவற்றையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

அச்சு பாடியில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது முட்டும் இடத்துக்கும் நடுவே இடைவெளி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் கடைசியில் 28 மி.மீ. இறங்கியிருந்தது.

இப்போது வால்வு

அடுத்த வாரம் தனியாக ஏற்காடு போனேன். ஏறும்போது குறையொன்றும் இல்லை. மாலையில் லேசான தூறல், இறக்கம். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் கீழிருந்து பஸ் வருவதைப் பார்த்துப் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். முன்பக்கம் பிடித்தது, பின்பக்கம் பிடித்து, சக்கரம் சுழலாமல் பூட்டி, இடது பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்தது. தடுப்புச் சுவரின் வெள்ளை வண்ணம் பின் கண்ணாடி முழுக்கத் தெரிந்தது. காலை எடுத்ததும் நேரானது. அடிவாரம் வரை இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஐந்து ரோடு பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: “தம்பி, பின்னாடி நாலு மூட்டை ஏத்தியிருக்குன்னு வால்வு நெனச்சுக்கிட்டு இருக்குங்க.”

சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத இந்த வண்டிகளில் பின் பிரேக்குக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. எல்எஸ்பிவி என்பார்கள். சுமை ஏறினால் பின்பக்கம் அமுங்கும். அந்த மெல்லிய ஸ்பிரிங் இழுபடும். வால்வு பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் விடும். சுமை இருக்கும்போது அது சரிதான், பின் டயருக்குப் பிடிப்பு இருக்கும். நானோ சுமை இல்லாமலே பின்பக்கத்தை அமுக்கிவிட்டேன். பின்சீட்டில் யாரும் இல்லை, இறக்கத்தில் எடை முழுவதும் முன்னால் சாய்ந்திருந்தது, ஆனால் பின் பிரேக்குக்குப் பாரவண்டிக்கான அழுத்தம். பூட்டாமல் என்ன செய்யும்?

சரிசெய்வது கஷ்டமில்லை. அந்த மெல்லிய ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் போல்ட் நீளமான துளையில் இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, நெம்புகோலைப் பழையபடி மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் நீளம் முதலில் குறித்த அளவுக்கு வரும்வரை தகட்டை நகர்த்தி இறுக்கவேண்டும். பெட்ரோல், ஸ்டெப்னி எல்லாம் முன்பு அளந்தபோது இருந்தபடியே இருக்கவேண்டும். நான் முன்பு அளக்காததால், அதே மாடல் வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து அளவெடுக்கவேண்டியதாயிற்று. துளையின் எல்லை போதாவிட்டால் தகட்டை வளைத்துச் சமாளிக்காதீர்கள். இறக்கிய உயரத்தைக் குறையுங்கள்.

அப்புறம் சோதனை. ஆளில்லாத மண் தரையில் 30 கி.மீ. வேகத்தில் நேராகப் போய் அழுத்திப் பிரேக் பிடியுங்கள். வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும். முன்சக்கரம்தான் முதலில் பூட்டவேண்டும். பின்சக்கரம் முந்தினால் வண்டியை மலைக்கு எடுத்துப் போகவேண்டாம். சோதனையில் தேறினாலும் ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்பில் அழுத்த மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது உத்தமம். நான் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏற்காடு ஏறினேன்.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்த ஒருவர், “என் வண்டியில் அந்த வால்வே இல்லையே” என்று எழுதியிருந்தார். அவருடையது ஏபிஎஸ் வண்டி. அதில் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் இபிடி அந்த வேலையைக் கணினி வழியாகச் செய்கிறது, தேடவேண்டாம். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் இது பழைய வண்டிக்காரர்களின் பிரச்சினை.

இன்னொருவருக்கு வேகத்தடை இறங்கும்போது “டக்” என்று சத்தம். ஸ்பிரிங் முனை படியில் முட்டாமல் இரண்டு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது. திருப்பி வைத்ததும் நின்றுவிட்டது. அப்படியும் நிற்காவிட்டால், அச்சு முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் கையால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஸ்பிரிங் உங்கள் ஷாக்குக்குக் குட்டை என்று அர்த்தம். நீளம் குறைந்த ஷாக் போடாமல் ஓட்டாதீர்கள், பள்ளத்தில் ஸ்பிரிங் கழன்று விழலாம்.

ஹெட்லைட்டைப் பற்றி எழுத மறந்திருந்தேன். பின்பக்கம் இறங்கினால் விளக்கு மேலே பார்க்கும். இறக்குவதற்கு முன் சுவரில் வெளிச்சத்தின் மேல்கோட்டுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்து, இறக்கியபின் அதே இடத்தில் நிறுத்தி அந்தக் கோட்டுக்கே திருகி இறக்குங்கள். என்னைப்போல் முன்பக்கத்தை முன்பே இறக்கியவர்களுக்கு விளக்கு ஏற்கெனவே கீழே பார்த்திருக்கும். அவர்கள் பழைய கோட்டை நம்பாமல் புதிதாகச் சரிபார்க்கவேண்டும்.