பழைய டீசல் எஞ்சினில் பிஸ்டனையும் சிலிண்டரையும் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிணற்று மேடுகளில் ஓரங்கட்டப்பட்ட பழைய ஆயில் எஞ்சின்கள் இன்னும் பல இருக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சீரமைக்க விரும்புவோர் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் வரிசை மாறிவிடுவதுதான். சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்து ‘0.50 ஓவர்சைஸ்’, அதாவது மூல அளவைவிட 0.50 மி.மீ. பெரிதாக, என்று சொல்லி வெட்டி வாங்கிவிட்டு, அதன்பின் சேலம் வரை கடைகடையாக ஏறி பிஸ்டன் தேடுகிறார்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அந்த அளவுக்கு ஏற்பத்தான் துளையை வெட்டவேண்டும். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் எண்ணை நம்பி வெட்டுவதும் இதே வகைத் தவறு. பட்டறைப் பேச்சில் 20 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு) என்பது 0.508 மி.மீ.; மெட்ரிக் பிஸ்டனில் இருப்பது 0.50 மி.மீ. வேறுபாடு சிறியதுதான், ஆனால் பிஸ்டனுக்கும் துளைச் சுவருக்கும் உள்ள மொத்த இடைவெளியே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி நிற்கும் இடத்தில் அதைப் புறக்கணிக்கக் கூடாது. மேலும், பிஸ்டன் ஒரே சீரான உருளை அன்று. எரிவறையின் சூட்டை நேரடியாக வாங்கும் தலைப்பகுதி அதிகம் விரியும் என்பதால் அது அடிப்பகுதியைவிடச் சிறிதாகவும், பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் ‘பின்’ செல்லும் திசையில் விட்டம் சற்றுக் குறைவாகவும் கடையப்பட்டிருக்கும். எனவே மைக்ரோமீட்டரைப் பாவாடைப் பகுதியின் கீழ்ப்புறத்தில், பின்னுக்குச் செங்குத்தான திசையில் வைத்து அளக்கவேண்டும். தலையை அளந்துவிட்டு அதற்கேற்பத் துளை வெட்டினால் இடைவெளி போதாமல் போய், எஞ்சின் சூடேறியதும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

துளையை அளப்பதில் இன்னும் அதிகப் பொறுமை தேவை. வெர்னியர் காலிப்பர் இந்த வேலைக்குப் போதாது. பிஸ்டனை அளந்த அதே மைக்ரோமீட்டரைக் கொண்டு, துளையின் (போர்) விட்டத்தை அளக்கும் முள் கருவியான போர் டயல் கேஜைப் பூச்சியத்தில் நிறுத்தி, துளைக்குள் இறக்கி, கைப்பிடியை மெல்ல முன்னும் பின்னுமாகச் சாய்க்கவேண்டும். முள் ஒரு பக்கமாகப் போய், ஓரிடத்தில் தயங்கித் திரும்பும். அந்தத் திரும்பும் புள்ளியே உண்மையான விட்டம். இப்படி மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், கிராங்க் தண்டுக்கு இணையாகவும் குறுக்காகவும் இரண்டு திசைகளிலும் ஆக ஆறு அளவுகள் எடுத்து எழுதிவைக்கவேண்டும். பிஸ்டனைச் சுற்றி மாட்டிய வளையங்களில் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் எரிவாயுவின் அழுத்தம் மிகுந்தும் ஆயில் படலம் மெலிந்தும் இருப்பதால் தேய்மானம் அங்கேதான் அதிகம். அடிப்பகுதியில் மட்டும் அளந்துவிட்டு ‘போர் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். போரிங் மெஷினில் மையம் பிடிக்கும்போதோ நேர்மாறாக, தேயாத அடிப்பகுதியை வைத்தே பிடிக்கவேண்டும்.

வெப்பநிலையைப் பொருட்படுத்தாதது நம் பகுதியில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். சித்திரை வெயிலில் வண்டியில் கிடந்த 80 மி.மீ. பிஸ்டன், நிழலில் இருக்கும் சிலிண்டரைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், அது மட்டுமே சுமார் 0.03 மி.மீ. கூடுதலாகக் காட்டும். ஹோனிங் (துளையின் உட்சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குதல்) முடிந்த கையோடு சூடாக இருக்கும் துளையை அளப்பதும் அப்படியே. இரண்டையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்துவிட்டுக் காலையில் அளப்பதே சரி. இடைவெளி எவ்வளவு என்பதை அந்தந்த எஞ்சினின் கையேட்டிலிருந்து எடுக்கவேண்டும். ஒரு எஞ்சினின் கணக்கை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. வார்ப்பிரும்பு பிஸ்டன் இருந்த பழைய மெதுவேக எஞ்சினில் அலுமினிய பிஸ்டனைப் போடும்போது, பழைய இடைவெளியை அப்படியே வைத்தால் அது நிச்சயம் போதாது. இடைவெளி மிகுந்தாலும் நன்மையில்லை. பிஸ்டன் ஆடித் தட்டும். அழுத்தம் ரிங்குகளைத் தாண்டிக் கசிந்தால் குளிர்ந்த நிலையில் டீசல் பற்றவே தயங்கும்.

பிஸ்டனை விட்டுவிட்டு ரிங் மட்டும் மாற்றுவோர் ஒரு கணக்கை நினைவில் வைக்கவேண்டும். விட்டம் 0.25 மி.மீ. கூடினால் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள வாய் இடைவெளி ஏறத்தாழ 0.78 மி.மீ. கூடும், ஏனெனில் சுற்றளவு விட்டத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அதோடு துளையின் உச்சியில் தேயாமல் நிற்கும் விளிம்பை நீக்காமல் புது ரிங்கை ஏற்றினால், மேல் ரிங் அதில் இடித்து உடையலாம். ஒவ்வொரு ரிங்கையும் துளைக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் வாயை அளந்த பிறகே பிஸ்டனில் மாட்டவேண்டும்.

லைனர் (பிளாக்குக்குள் இறக்கும் தனி சிலிண்டர் குழாய்) உள்ள எஞ்சின் என்றால், இறுதி அளவை லைனரைப் பிளாக்கில் இறக்கிய பின்பே எடுக்கவேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால்கூட அந்த இடத்தில் துளை நெளியும். அழுத்தி ஏற்றும் உலர் லைனர் சுருங்கும் என்பதால், அதை ஏற்றியபின் இறுதி அளவுக்கு வெட்டும் வழக்கம் உண்டு. ஹோனிங் முடிந்த துளையை டீசலால் மட்டும் கழுவுவது போதாது. கல்துகள், ஹோனிங் கல் கீறிய குறுக்குக் கோடுகளுக்குள் தங்கிவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும் வரை துடைத்து, உடனே ஆயில் தடவவேண்டும்.

விட்டம் ஒத்துப்போனாலும் பிஸ்டனின் ‘பின்’ துளையிலிருந்து தலை வரையுள்ள உயரம் கூடினால் பிஸ்டன், சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டில் மோதலாம். மெல்லிய ஈயக் கம்பியைத் தலைமீது வைத்து, ஹெட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் நசுங்கிய கம்பியின் தடிமன் இடைவெளியைச் சொல்லிவிடும். இதைச் செய்யாமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது.

கிரானைட் குவாரிகளுக்கு அருகிலும் செம்மண் புழுதியிலும் ஓடும் எஞ்சின்களுக்கு இன்னொன்றும் முக்கியம். முந்தைய துளை ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் புதிய பிஸ்டனைப் போட்டால், அதே தூசி புதியதையும் அரித்துவிடும். ஏர் கிளீனரின் ஆயில் குறியளவு இருக்கிறதா, அதிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று எஞ்சினை மூடுமுன் பார்த்து, சந்தேகமுள்ள குழாயை மாற்றிவிடவேண்டும்.