கனடா சறுக்கின இடம்: பாலின ஆய்வுல தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு திட்டம் போடறதுக்கு முன்னாடி அது ஆணுக்கு என்ன பண்ணும், பொண்ணுக்கு என்ன பண்ணும், அதுலயும் ஏழைப் பொண்ணு, பழங்குடிப் பொண்ணு, மாற்றுத்திறனாளின்னு பிரிச்சுப் பாக்கறதுதான் ஜெண்டர் அனலிசிஸ். 1995லயே அரசாங்கமா இதை ஏத்துக்கிட்ட நாடு கனடா, 2018ல பட்ஜெட்டயும் இப்படிப் பிரிச்சுப் பாக்கணும்னு, ஜெண்டர் பட்ஜெட்டுக்குன்னு தனிச் சட்டமே போட்டாங்க. ஆனா 2009, 2015, 2022ன்னு மூணு தடவை ஆடிட்டர் ஜெனரல் (அரசாங்கத்தோட வேலைய தணிக்கை பண்றவர்) இதைப் பத்தி ரிப்போர்ட் குடுத்தும் பழைய குறைங்க பல அப்படியேதான் இருக்கு.

மொத தவறு, எனக்குத் தெரிஞ்சு பெரிய தவறும் இதுதான், முடிவெல்லாம் எடுத்துட்டு கடைசியில ஒரு ஃபார்ம நிரப்பறது. சுரங்கம், பைப்லைன் வேலைய எடுத்துக்கோங்க. எத்தனை பேருக்கு வேலைன்னு கணக்கு போட்டு பெர்மிட் குடுத்துடறாங்க, ஆனா வெளியூர்ல இருந்து ஆம்பளைங்க கூட்டமா வந்து தங்கற கேம்ப் பக்கத்துல இருக்கற பழங்குடி ஊர்ப் பொண்ணுங்க மேல வன்முறை கூடுதுன்னு காணாமப் போன, கொலை செய்யப்பட்ட பழங்குடிப் பொண்ணுங்களப் பத்தின தேசிய விசாரணை அறிக்கையே 2019ல சொல்லுச்சு. கேம்ப எங்க வைக்கறது, வாடகை ஏறினா யாரு வீட்ட காலி பண்ணணும், 12 மணி நேர ஷிஃப்ட்டுக்குப் போற அம்மாவோட குழந்தைய யாரு பாத்துப்பான்னு எல்லாம் பெர்மிட்டுக்கு முன்னாடி கேட்டாத்தான் எதையாவது மாத்த முடியும், அப்புறம் கேட்டு என்ன பிரயோஜனம்?

‘எல்லாருக்கும் சமமா பயன்படும்’னு ஒரே வரியில முடிக்கறதும் வேண்டாம். டேட்டாவ பிரிச்சுப் பாக்காம அத எழுதவே கூடாது.

அடுத்தது, சட்டம் இருக்குல்ல, அதுவே பாத்துக்கும்னு விட்டுடறது. 2006ல பெண்கள் நிலைக்கான துறையோட 16 ரீஜனல் ஆபீஸ்ல 12 ஆபீஸ மூட முடிவெடுத்தாங்க. 2025 மார்ச்ல பிரதமர் மார்க் கார்னி போட்ட முதல் கேபினெட்ல பெண்களுக்குன்னு தனி மினிஸ்டரே இல்ல, மே மாசம்தான் திரும்ப வந்தாங்க. அதே வருஷம் துறையோட செலவு 2027-28க்குள்ள ஏறத்தாழ 80 சதவீதம் குறையும்னு அவங்க பிளான்லயே இருந்துச்சு, பெண்கள் அமைப்புங்க சத்தம் போட்டாங்க, நவம்பர் பட்ஜெட்ல அஞ்சு வருஷத்துக்கு 66 கோடி டாலர் அறிவிச்சாங்க. பணம் வந்தது நல்லதுதான், ஆனா நாளைக்கு வேலை இருக்குமான்னே தெரியாத அந்தத் துறைக்காரங்க நிதித்துறை ஃபைல எதுத்துக் கேள்வி கேக்க முடியுமா சொல்லுங்க.

கடைசியா, திட்டம் ஓட ஆரம்பிச்சதும் திரும்பிப் பாக்காம விடாதீங்க. இந்த ஆய்வால மக்களுக்கு நிஜமா என்ன மாறுச்சுன்னு முழுசா சொல்ற அளவுக்கு 2022லயும் அங்க தகவல் இல்ல.