டி-பிட் கெடுவது நெருப்பிடம் வந்த பிறகுதான்

தேவையான அளவில் ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீராக்கும் கருவி) கிடைக்காதபோது, 10 மில்லிமீட்டர் கம்பியின் முனையைச் சரிபாதியாகச் சீவி, அதே வேலைக்கு அரைவட்ட முனையுள்ள ஒரு டி-பிட் செய்துகொள்வது வீட்டுப் பட்டறைக்காரர்களின் பழைய வழக்கம். சீவும் வரை யாரும் தடுமாறுவதில்லை. முனையைக் கடினமாக்க அடுப்பருகே வந்ததும்தான் அவசரம் தொடங்குகிறது.

முதலில் இரும்பு. மூலையில் கிடக்கும் மைல்டு ஸ்டீலை எத்தனை முறை பழுக்கக் காய்ச்சித் தோய்த்தாலும், அதாவது சட்டென்று குளிரவைத்தாலும், வெட்டும் முனை வராது. அதில் கரி (கார்பன்) போதாது. இரும்புக் கடையில் ஓஎச்என்எஸ் (எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் கருவி எஃகு) என்றோ சில்வர் ஸ்டீல் என்றோ கேட்டு வாங்குங்கள். உடைந்த ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டிரில்லைக் காய்ச்சித் தோய்ப்பதும் வீண்வேலை. அதற்கு 1200 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும்.

அதிகம் சூடேறினால் அதிகம் கடினமாகும் என்ற எண்ணம் கெடுத்த கருவிகள் ஏராளம். ஓஎச்என்எஸ்ஸுக்கு 800 டிகிரி அளவு போதும். ஆரஞ்சு தாண்டி மஞ்சளுக்கு ஏற்றினால் உள்ளே எஃகின் படிக மணிகள் பருத்துவிடும். அப்படிப்பட்டதை உடைத்துப் பார்த்தால் முறிந்த முகம் கற்கண்டு போல மின்னும். நல்ல தோய்ச்சலில் அதே முகம் மாவு போல மென்சாம்பலாக இருக்கும். நண்பகல் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்பதால் நிழலான மூலையில் காய்ச்சுங்கள். கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். சுமார் 770 டிகிரியில் அது ஒட்டாமல் போகும். அங்கிருந்து இன்னும் ஒரு சாயல் சிவப்பேற்றி, சில நிமிடம் அந்த நிறத்திலேயே நிறுத்தினால் போதும்.

திறந்த சுடரில் மேல்தோலின் கரி எரிந்துபோகும். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசி, நன்றாக உலர்ந்தபின் காய்ச்சினால் கண்ணாடி போல ஒரு படலம் காக்கும். அப்படியும் வெட்டும் முகத்தில் 0.2 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுவைப்பது என் பழக்கம், பிறகு சாணையில் எடுத்துவிடலாம். தோய்த்தபின் கடினமாகிவிட்டதா என்று அறிய, அரம் வழுக்குகிறதா எனச் சோதிப்பவர்களும் இந்தக் கரியிழந்த தோலை மறக்கிறார்கள். மேலே அரம் கடித்தாலும் அடியில் கடினமாக இருக்கலாம்.

ஓஎச்என்எஸ்ஸை எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும். நான் ஒருமுறை எண்ணெய் வாளியைத் தேடச் சோம்பித் தண்ணீரில் விட்டேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். முனையிலிருந்து தண்டு வரை தலைமயிர் அளவில் ஒரு கோடு. அரை நாள் வேலை அந்த ஒரு சத்தத்தோடு போயிற்று. எண்ணெயை 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கெட்டி எண்ணெயைவிட அதுதான் சீக்கிரம் சூட்டை வாங்கும். கருவியைச் செங்குத்தாக இறக்கி மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். படுக்கையாகப் போட்டால் வளையும். பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. மூடியுள்ள இரும்புப் பாத்திரம் வையுங்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடியால் அணைக்க வேண்டும், ஒருபோதும் தண்ணீரால் அல்ல.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உடனே டெம்பர் செய்ய வேண்டும், அதாவது நொறுங்கும் தன்மை குறைய மிதமாக மறுபடி சூடாக்க வேண்டும். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று மேசையில் வைத்த கருவி இரவிலேயே வெடிப்பு விடுவதுண்டு. இங்கேதான் பலர் இன்னொரு தவறும் செய்கிறார்கள்: கரி படிந்த கருவியை அப்படியே சூடாக்கி நிறத்தைத் தேடுவது. உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி போலாக்கினால்தான் நிறம் தெரியும். சுடரை முனையில் காட்டாமல் தண்டில் காட்டுங்கள். முதலில் வெளிர் வைக்கோல் நிறம், அடுத்து பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு முனை நோக்கி ஓடும். முனையில் வைக்கோல் நிறம் தொட்ட கணத்தில் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அது 220, 230 டிகிரி. நீலம் 300ஐ ஒட்டியது. ஸ்பிரிங்குக்கு ஆகும், டி-பிட்டுக்கு ஆகாது. மெல்லிய முனையில் நிறம் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும் என்பதால், சமையலறை அவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பதையே நான் விரும்புகிறேன். அவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, கடைசியாகத் தீட்டும்போது சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்து முனையை நீலமாக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஹெச்எஸ்எஸ் அதைப் பொறுக்கும், ஓஎச்என்எஸ் பொறுக்காது. நொடிக்கொரு முறை தண்ணீரில் நனையுங்கள். நீலம் வந்துவிட்டால், அந்த நிறம் இறங்கிய ஆழத்தைத் தாண்டி, நிதானமாக மறுபடி தீட்டித்தான் ஆக வேண்டும்.